செக் சிறுபட்டணக் கதைகளும் ஊர்வாயும்

1878-ஆம் வருஷம் புத்தகமாக வெளிவந்த ‘மாலா ஸ்த்ரானாக் கதைகள்’ என்ற தொகுதியில், வெளியூரிலிருந்து பிராக் நகரத்துக்கு வந்து, அதுவரை கடையென்று ஒன்று இருந்தறியாத ஒரு வீட்டில் புதிதாக மாவுக்கடை திறந்த வோரெல் என்பவரின் கதை இருக்கிறது. அந்தத் தெருவாசிகள் ஒவ்வொருவருக்கும் நெடுநாளைய வாடிக்கைக் கடை ஒன்று வேறிடத்தில் உண்டாகையால், புதியவரின் கடைப்படியை மிதிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடல்நுரைக் கல்லில் கடைந்த புகைக்குழாயை வாயில் வைத்தபடி அவர் கல்லாவில் காத்திருக்கிறார். துணிந்து உள்ளே வந்த முதிர்கன்னி ஒருத்தி, வாங்கிப்போன சரக்கில் புகைநாற்றம் அடிக்கிறதென்று வெளியே போய்ச் சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு வார்த்தையே போதுமானதாயிற்று. கடையில் ஈ ஆடுகிறது, கடன் ஏறுகிறது, சாத்திய கதவை ஒருநாள் உடைத்துத் திறக்கும்போது வோரெல் தூக்கில் தொங்குகிறார். விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி, பிரேதத்தின் பையிலிருந்த குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இத்தனை நேர்த்தியாகப் புகையேறிப் பழுத்த குழாயைத் தாம் கண்டதே இல்லையென்று வியந்து நிற்பதோடு கதை முடிகிறது.

இந்தக் கதையை எழுதிய யான் நெரூதா தம் நாட்டின் ஹாஸ்ய இலக்கியத்துக்கு மூலபுருஷர்களில் ஒருவராகக் கொண்டாடப்படுகிறார் என்பதையும், சிரிப்பு மூட்டுவதற்கென்றே தொடங்கியது போன்ற ஒரு கதை தற்கொலையில் போய் முடிகிறது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் இராது. சின்னஞ்சிறு பட்டணங்களின் நித்திய ஜீவனத்தை வைத்துச் செக் எழுத்தாளர்கள் நூற்றைம்பது வருஷகாலமாகச் செய்துவரும் பரிகாசம் எத்தகையது? அது வெறும் பொழுதுபோக்கா, உலகத்தின் பெருந்துன்பங்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் உபாயமா, அன்றி வேறு ஏதேனும் ஒன்றைச் சாட்சி சொல்ல வந்த எழுத்தா? தமிழிலக்கியத்தின் சரித்திரத்தை வெளிநாட்டாருக்கு எடுத்துச் சொல்வதிலேயே தம் வாழ்நாளைக் கழித்த கமில் சுவெலபில் பிறந்து வளர்ந்த மொழியின் சிரிப்பை, ஷ்வேய்க் என்ற ஒற்றைச் சிப்பாயோடு அறிந்து முடித்துவிடாமல், கொஞ்சம் பொறுமையாக ஆராய்வது நமக்குத் தகும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளின் மெய்யான கதாநாயகன் ஊர்வாய். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று நாம் சொல்லுகிற அதே வாய்தான். யார் வீட்டில் என்ன வேகிறது, யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லை என்று இடையறாமல் பேசிக்கொண்டிருக்கும் அந்த வாய், ஒருவனைத் தாங்கவும் செய்கிறது, கொல்லவும் செய்கிறது. செக் ஹாஸ்யம் இந்த இரண்டு சக்தியையும் ஒன்றாகவே கண்டது. காலப்போக்கில் அது மாறிய விதத்தை அறிய வேண்டுமானால், அந்த ஊர்வாய்க்குப் பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் போதும்.

சிறு பட்டணம் செக் இலக்கியத்தில் இவ்வளவு பெரிய ஸ்தானத்தைப் பெற்றதற்குச் சரித்திர காரணம் உண்டு. 1620-இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற பிறகு, ஹாப்ஸ்பர்க் அரசர்களின் ஆளுகையில், அரசாங்கமும் உயர்கல்வியும் மெல்ல மெல்ல ஜெர்மன் மொழியின் வசமாக, செக் மொழி வயலிலும் அடுக்களையிலும் சந்தையிலும் கைத்தொழில் செய்வோர் வாயிலும் உயிர்பிழைத்துக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொழிக்கு மறுமலர்ச்சி வந்தபோது, அந்த இயக்கத்தைத் தோளில் தாங்கியவர்களுள் பள்ளிக்கூட வாத்தியாரும் பாதிரியும் மருந்துக்கடைக்காரரும் மாவுமில் சொந்தக்காரரும் முன்வரிசையில் நின்றார்கள். அவர்கள் கூடிய இடமோ ஊர் மதுக்கடை, வாசகசாலை, அமெச்சூர் நாடகசபை, 1862-இல் தோன்றிய ஸோகோல் தேகாப்பியாச சங்கம் ஆகியவை. 1918 வரையில் சொந்தமாக ராஜ்யம் இல்லாத ஒரு ஜனசமூகத்துக்குச் சிறு பட்டணமே ராஜ்யமாக இருந்தது. ஆகையால் அதைக் கேலி செய்த எழுத்தாளன், தூர தேசத்து வினோதங்களை வேடிக்கை பார்ப்பவனைப்போலச் செய்யாமல், தன் வீட்டுப் பெரியவர்களின் குற்றங்குறைகளை அறிந்த பிள்ளையின் உரிமையோடு செய்தான்.

நெரூதாவின் மாலா ஸ்த்ரானா பிராக் நகரத்தின் ஒரு பகுதிதான். கோட்டை மலையின் அடிவாரத்தில் சரிந்து கிடக்கும் தெருக்கள். ஆனால் அங்கே நிகழ்வதெல்லாம் சிறு பட்டணத்து நிகழ்ச்சிகளே. ஆசிரியர் அங்கே வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் சிறு கடை வைத்துப் பிழைத்தவர். அவர்கள் குடியிருந்த தெருவுக்கு இன்று நெரூதாவின் பெயரே வழங்குகிறது. (சிலி நாட்டுக் கவியான பாப்லோ நெரூதா இவருடைய பெயரைத்தான் புனைபெயராகச் சூடிக்கொண்டார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.) இந்தத் தொகுதியில் ரிஷானெக், ஷ்லேகல் என்ற இருவரின் கதை ஒன்று. ஒரு பெண்ணை முன்னிட்டு மனஸ்தாபம் கொண்ட இவ்விருவரும், ஒரே மதுக்கடையில், ஒரே மேஜையில், பதினோரு வருஷகாலம் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஒரு சொல் பேசாமல் தினந்தோறும் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். வேறு மேஜைக்குப் போனால் தோற்றுப்போனதாகும் என்று இருவருக்குமே எண்ணம். ரிஷானெக் கடுங்காய்ச்சலில் படுத்துப் பிழைத்து மெலிந்துபோய் மறுபடி வந்து உட்காரும் நாளில், தம்முடைய புகையிலையைத் தேடிப் பையில் துழாவுகிறார், அகப்படவில்லை. ஷ்லேகல் தம்முடைய புகையிலைப் பையை மேஜைமேல் மெதுவாக அவர் பக்கம் நகர்த்துகிறார். அவ்வளவுதான் சமாதான உடன்படிக்கை. ஊர் முழுவதும் அந்த மேஜையைப் பதினோரு வருஷமாகக் கவனித்துக்கொண்டே இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நிலை. அந்தக் கவனிப்பு இல்லாவிட்டால் பகையும் இல்லை, சமாதானத்துக்கு மதிப்பும் இல்லை.

அதே கவனிப்பு மற்றொரு கதையில் ஒரு பிச்சைக்காரரின் உயிரைக் குடிக்கிறது. வோய்தீஷெக் என்ற அந்த மனிதர் தெருவுக்கே சிநேகிதர். வீடு வீடாகப் போய்க் குசலம் விசாரித்துக் காசு பெறுகிறவர். தன்னோடு கூட்டுச் சேருமாறு கேட்டு அவரால் மறுக்கப்பட்ட ஒரு பிச்சைக்காரி, அவர் ரகசியமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார் என்று ஒரு வதந்தியைக் கிளப்பிவிடுகிறாள். நல்லவர்களான அத்தனை பேரும் ஒரேயடியாகக் கையை மடக்கிக்கொள்கிறார்கள். மாசி மாதத்துக் குளிரில் அவர் விறைத்துக் கிடக்கக் காண்கிறார்கள். இன்னொரு கதையிலோ, சவ ஊர்வலத்தில் பெட்டி நழுவி விழ, அதற்குள் இருக்கும் கனவான் சாகவே இல்லையென்று கண்டு அவரைப் பிழைக்க வைக்கிற ஹேரிபெர்ட் வைத்தியர்மீது, செத்தவரின் உத்தியோகத்துக்கும் சொத்துக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டவர்களுக்கெல்லாம் ஆத்திரம் பொங்குகிறது. நெரூதா எந்தக் கதையிலும் குரலை உயர்த்துவதில்லை. கொலைகாரர்கள் என்று ஒருவரையும் சுட்டுவதில்லை; ஏனெனில் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, பேசினார்கள், அவ்வளவுதான்.

இந்த உயரத்தை உடனே அடுத்து வந்தவர்கள் எட்டினார்கள் என்று சொல்ல முடியாது. இக்னாத் ஹெர்மான் 1898-இல் வெளியிட்ட ‘தந்தை கொந்தெலீக்கும் மாப்பிள்ளை வேய்வராவும்’ அந்நாளில் வீடுதோறும் வாசிக்கப்பட்ட நாவல். வர்ணம்பூசும் தொழிலில் முன்னுக்கு வந்த ஒரு பருத்த குடும்பஸ்தரையும், அவருடைய பெண்ணைக் கட்டிக்கொள்ள வந்து நிற்கும் சங்கோஜியையும் வைத்து அன்போடு பின்னப்பட்டது. அது சௌகரியமான சிரிப்பு. அந்த வீட்டின் ஜன்னலுக்கு வெளியே ஊர்வாய் முணுமுணுப்பது கேட்பதில்லை. ஹெர்மானுக்கும் கடுமை தெரியாமலில்லை. 1890-இல் வந்த அவருடைய கடைக்காரர் நாவல், கடனில் மூழ்கி அழியும் ஒரு மனிதனின் கதைதான். ஆயினும் வாசகர்கள் கொந்தெலீக்கையே விரும்பினார்கள். விருப்பத்துக்கு இணங்கி அவரும் எழுதினார்.

ஊர்வாயின் பக்கத்தில் அரசாங்கத்தின் காது வந்து உட்காருவதை முதன்முதலில் பூரணமாகக் காட்டியவர் யாரோஸ்லாவ் ஹாஷெக். 1921-இல் வெளிவரத் தொடங்கி, 1923 ஜனவரியில் லிப்னிட்ஸே என்ற சிற்றூரில் அவர் இறந்தபோது முடிவுபெறாமல் நின்ற ‘நல்ல சிப்பாய் ஷ்வேய்க்’ ஒரு யுத்த நாவல் என்றே பெயர் பெற்றிருந்தாலும், அதன் தொடக்கமே மதுக்கடையில்தான். பாலிவெட்ஸ் என்ற கடைக்காரர், சுவரில் மாட்டியிருந்த சக்கரவர்த்தியின் படத்தை ஈக்கள் அசுத்தம் செய்துவிட்டபடியால் பரண்மேல் போட்டுவிட்டதாக வாய்தவறிச் சொல்ல, குடிக்க வந்தவனைப்போல அமர்ந்திருந்த ரகசியப் போலீஸ்காரன் ப்ரெட்ஷ்னைடர் அதைப் பிடித்துக்கொள்கிறான். பாலிவெட்ஸுக்குப் பத்து வருஷம் கிடைக்கிறது. பிறகு ஷ்வேய்க் தன் பட்டாளத்தைத் தேடித் தென் பொஹீமியாவின் ஊர்களைச் சுற்றிச் சுற்றி நடக்கும் பகுதியில், புத்திம் என்ற ஊரின் போலீஸ் சார்ஜண்டு ஃப்ளாண்டெர்க்கா அவனை ருஷிய ஒற்றன் என்றெண்ணி உபசாரம் செய்து உளவறியப் பார்க்கிறார். இரவில் குடிமயக்கத்தில் ராஜத்துரோகமான பேச்சுக்களைத் தாமே பேசிவிட்ட அவர், மறுநாள் தெளிந்ததும், ஒன்றையும் வெளியே சொல்லமாட்டேன் என்று மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவையின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யுமாறு வேலைக்காரக் கிழவியை நடுநடுங்க வைக்கிறார். ஒட்டுக்கேட்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவனே ஒட்டுக்கேட்கப்படுவதற்கு அஞ்சுகிறான். ஒரு சாம்ராஜ்யத்தின் அந்திமக் காலத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன சரித்திர ஆசிரியரை நான் வாசித்ததில்லை.

விளாதிஸ்லாவ் வாஞ்சுரா 1926-இல் எழுதிய ‘சபல கோடை’ இந்த வரிசையில் தனித்து நிற்பது. ஆற்றங்கரையில் குளியல்துறை நடத்தும் அந்தோனின், ஓய்வுபெற்ற மேஜர், புஸ்தகப் பிரியரான பாதிரி ஆகிய மூன்று மத்திய வயதினர், மழை விடாத ஒரு கோடையில், ஊருக்கு வந்த கழைக்கூத்தாடியின் கூட்டாளிப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்து ஆளுக்கொரு அவமானம் அடைகிறார்கள். பாதிரியாருக்குக் காது கிழிந்துபோகிறது. கூத்தாடி வண்டி கட்டிக்கொண்டு போனபின் ஊர் பழையபடி இருக்கிறது. இந்த அற்ப சம்பவங்களை வாஞ்சுரா வேதாகமத்துக்கு ஏற்ற கம்பீர நடையில் சொல்லுகிறார். அந்த நடைக்கும் விஷயத்துக்கும் உள்ள தூரத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. மனிதர்களின் சபலத்தை மகத்தான பாஷையில் எழுதுவது அவர்களை இழிவுபடுத்துவதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுடைய சின்ன ஆசைக்கும் ஒரு கௌரவம் உண்டென்று அவர் மெய்யாகவே நம்பியிருக்க வேண்டும். வைத்தியத் தொழில் பயின்ற இந்த எழுத்தாளரை 1942 ஜூன் முதல் தேதி நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள்.

காரெல் போலாச்செக்கிடம் வரும்போது நம் விஷயத்தின் மையத்துக்கே வந்துவிடுகிறோம். 1892-இல் ரிஹ்னோவ் என்ற பட்டணத்தில் ஒரு யூதக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த இவர், பிற்பாடு பிராகில் பத்திரிகைக்காரராகி, கோர்ட்டு வியாஜ்யங்களைப் பற்றிச் சிறு கட்டுரைகள் எழுதிப் பெயர் பெற்றார். அந்தக் கோர்ட்டு வராந்தாக்களில்தான் ஊர்வாயின் இலக்கணத்தை அவர் கற்றுக்கொண்டார் போலும். மனிதர்கள் பேசும்போது தாங்களாக யோசித்துப் பேசுவது சொற்பம், பத்திரிகையிலும் பிரசங்கத்திலும் மேஜையிலும் கேட்ட தயார் வாக்கியங்களையே எடுத்து எடுத்து வீசுகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. பத்திரிகைகளில் அடிபடும் தேய்ந்த சொற்றொடர்களைத் தொகுத்து 1934-இல் ஓர் அகராதியே வெளியிட்டார். 1931-இல் வந்த ‘ஆஃப்சைடில் மனிதர்கள்’ கால்பந்து ரசிகர்களைப் பற்றிய நாவல். அதில் ஜிஷ்கோவ் பேட்டைத் தையற்காரரின் மகனும், வேறொரு கழகத்தின்மேல் உயிரையே வைத்திருக்கும் யூத ஜவுளி வியாபாரியும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பகைத்து, பிறகு ஒருவருக்கொருவர் ஆதரவாகிறார்கள். அவர்கள் வாயில் வருவதெல்லாம் பந்தாட்டத்து வாசகங்களே. ஆனால் அந்த வாசகங்களுக்குள் அன்பு எப்படியோ புகுந்துகொள்கிறது.

பிறந்த பட்டணத்தைக் குறித்து அவர் ஐந்து பாகமாக ஒரு பெருங்கதை எழுத உத்தேசித்து, 1936-இல் ‘ஜில்லா நகரம்’ என்ற முதற்பாகத்தை வெளியிட்டார். முதல் உலக யுத்தத்துக்கு முந்திய சின்ன வியாபாரிகள், அவர்களுடைய பிள்ளைகள், பிச்சைக்காரர்கள், உத்தியோகஸ்தர்கள், நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே வீதியில் உலாவும் கனவான்கள் ஆகிய எல்லோரும், தங்கள் கடிகாரம் நிற்கப்போவதை அறியாமல் நடமாடும் நாவல் அது. இதற்குப் பின்வந்த பாகங்களில் யுத்தம் அவர்களைச் சிதறடிக்கிறது. நான்காம் பாகம் 1939-இல் வந்தது. ஐந்தாவது கையெழுத்துப் பிரதி காணாமற் போயிற்று. அந்த 1939 மார்ச்சு மாதத்தில்தான் ஜெர்மானியப் படை பிராகுக்குள் நுழைந்தது. யூதரான போலாச்செக்குக்குத் தம் பெயரில் எழுதும் உரிமை போய்விட்டது. 1941-இல் வெளிவந்த அவருடைய ‘கல்மேஜைச் சத்திரம்’ என்ற ஹாஸ்ய நாவலின் அட்டையில், சிநேகிதரான விளாஸ்திமில் ராதா என்ற ஓவியரின் பெயர் அச்சாகியிருந்தது. வாசகர்கள் சிரித்தார்கள், சிரிக்க வைத்தவர் யூத சமூகத்தாரின் பறிக்கப்பட்ட புஸ்தகங்களைக் கணக்கெடுத்துப் பட்டியல் போடும் வேலையில் இருந்தார்.

அந்த நாட்களில்தான் ‘நாங்கள் ஐந்து பேர்’ எழுதப்பட்டது. ஒரு மளிகைக்கடைக்காரரின் மகனான பெத்தர் பாய்ஸா என்ற சிறுவன், தன்னையும் தன் நாலு தோழர்களையும் பற்றித் தானே சொல்வதாக அமைந்த கதை. அண்டைப் பேட்டைப் பையன்களோடு கல்வீச்சு யுத்தம், மிட்டாய்க்கடைக்காரர் மகளான ஈவாவின்பால் உண்டாகும் மரியாதை, வேலைக்காரி கிறிஸ்தீனாவோடு ஓயாத சண்டை, ஊருக்கு வரும் சர்க்கஸ், தர்மசத்திரத்தில் வளரும் ஸில்வர் என்ற தோழனின் தைரியம் என்று இதற்குள் அடங்காத பால்யம் இல்லை. பையன் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுகிற பாவனையில் புத்தகச் சொற்களைத் தேடித் தேடி அடுக்குகிறான். பாதி வாக்கியத்தில் தெருப்பேச்சு வந்து விழுகிறது. பெரியவர்கள் சொன்ன வாசகங்களை அர்த்தம் முற்றிலும் விளங்காமலே அவன் திருப்பிச் சொல்லும்போது, அந்த வாசகங்கள் எவ்வளவு வெறுமையானவை என்பதும், அவற்றைச் சொன்ன பெரியவர்கள் எவ்வளவு பிரியமானவர்கள் என்பதும் ஒரே சமயத்தில் தெரிகின்றன. கடைசிப் பகுதியில் பையனுக்குக் கடும் ஜுரம் கண்டு ஜன்னி பிறக்கிறது. ஜம்போ என்ற யானையின்மேல் ஏறிக்கொண்டு, தோழர்கள் சூழ, அவன் இந்தியாவுக்கே வந்துவிடுகிறான்! அவன் கண்ட இந்தியா மகாராஜாக்களும் அதிசயங்களும் நிறைந்த சர்க்கஸ் இந்தியா. ஆனாலும் அங்கேயும் தன் ஊர்க்காரர்களையே கண்டு, தன் ஊர்ப் பேச்சையே கேட்கிறான். ஜுரம் தெளிகிறது.

இந்தப் புத்தகத்தில் போலாச்செக் தம் பால்யத்தை ஒரு கிறிஸ்தவப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். மஞ்சள் நட்சத்திரம் அணிந்து தெருவில் நடக்க வேண்டியிருந்தவரின் எழுத்தில், பயத்தின் நிழல் ஒரு வரியில்கூட விழவில்லை. இதைத் தப்பித்துக்கொள்ளுதல் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். யாருடைய பேச்சை உலகத்திலிருந்தே துடைத்துவிடப் பார்க்கிறார்களோ அவர், தம் ஊரின் பேச்சை வார்த்தை வார்த்தையாக, தொனி மாறாமல், எழுதி வைத்துவிட்டுப் போவது தப்பித்தலாகாது. 1943-இல் தெரெஸீன் முகாமுக்கும், 1944 அக்டோபரில் அங்கிருந்து ஆஷ்விட்ஸுக்கும் கொண்டுபோகப்பட்ட போலாச்செக் 1945 ஜனவரியில் மாண்டார் என்று இப்போது அறியப்படுகிறது. புத்தகம் 1946-இல் வந்தது. செக் குழந்தைகள் இன்றும் அதைப் படித்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்; சிரிக்கத்தான் வேண்டும், அதற்காகத்தான் அவர் எழுதினார்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் சிறு பட்டணத்தை எழுதியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். யான் திர்தாவின் ‘உள்ளங்கையில் ஒரு பட்டணம்’ 1940-இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அந்நியன் ஆளும்போது சொந்த ஊரின் வாசனையே ஜனங்களுக்கு ஆறுதலாயிருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் எல்லோரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். ஆறுதலுக்காக உண்மையைச் சற்றே இனிப்பாக்கிய எழுத்து அது.

போஹுமில் ஹ்ராபலுக்குத் திர்தாவின் இனிப்பும் உண்டு, நெரூதாவின் கசப்பும் உண்டு. இவர் நிம்பர்க் என்ற ஆற்றங்கரைப் பட்டணத்தில், பீர் வடிசாலையின் நிர்வாகியாயிருந்த ஃப்ரான்ஸினின் வீட்டில் வளர்ந்தவர். 1976-இல் வெளியான ‘முடிவெட்டு’ என்ற சிறு நாவலில் அந்த வடிசாலைக்குள்ளேயே நம்மைக் கொண்டுபோய் விடுகிறார். கதை சொல்பவள் ஆசிரியரின் தாயார், இளமையில். அவளுடைய நீண்ட கூந்தல் சைக்கிளில் போகும்போது பின்னால் கொடிபோலப் பறக்க, ஊரே நின்று பார்க்கிறது. பன்றி அடிக்கும் நாளின் ரத்தமும் கொழுப்பும் மிளகு வாசனையும் கலந்த அமளியை அவர் எழுதும் பக்கங்கள், எழுத்தால் பசியை எழுப்ப முடியும் என்பதற்கு அத்தாட்சி. ஃப்ரான்ஸின் வைத்திருக்கும் ஓரியன் மோட்டார் சைக்கிள் ஓயாமல் கெட்டுப்போகிறது. அதைப் பிரித்துச் சரிபார்க்க ஒரு கைத்துணை தேடி அவர் புறப்பட்டால், பட்டணத்துக் கனவான்கள் மூலைக்கு மூலை ஒளிந்துகொள்கிறார்கள். அவருடைய அண்ணன் பெப்பின் இரண்டு வாரம் தங்கிப்போக வந்து, ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறார். பழைய ஆஸ்திரியப் பட்டாளத்துக் கதைகளை வடிசாலை அதிரக் கத்திக்கொண்டேயிருக்கும் இந்தப் பெப்பின்தான் ஹ்ராபலின் குரு. ஊர்வாயே ஒரு மனித உருவெடுத்து வந்தது போன்றவர். வடிசாலையின் உயரமான புகைபோக்கிமேல் பெப்பினும் அவருடைய தம்பி மனைவியும் ஏறி உட்கார்ந்துகொள்ள, தீயணைக்கும் படை வந்து இறக்க வேண்டியதாகிறது. பிறகு வானொலி வருகிறது, தூரங்கள் குறைகின்றன, மேஜையின் கால், பாவாடை, நாயின் வால் எல்லாவற்றையும் குறைத்துவிடும் ஆவேசம் அவளுக்குப் பிறக்கிறது. கடைசியில் அந்தக் கூந்தலே போகிறது. ஒரு பழைய காலம் நறுக்கப்படுவதை நாம் சிரித்துக்கொண்டே பார்த்திருந்துவிட்டோம் என்பது புத்தகத்தை மூடியபின்தான் உறைக்கிறது.

இதன் தொடர்ச்சியான ‘காலம் நின்றுபோன பட்டணம்’ 1973-இல் எழுதப்பட்டும், நாட்டுக்குள் அப்போது அச்சாக முடியாமல் 1978-இல் வெளிநாட்டில் வந்தது. காரணத்தைப் புத்தகமே சொல்லுகிறது. 1948-க்குப் பிறகு வடிசாலை தொழிலாளர் வசமாகும்போது, நிர்வாகியின்மேல் சாட்டப்படும் குற்றம் அவர் கொடுமை செய்தார் என்பதன்று. அவர் தொழிலாளரிடம் நல்லவராக இருந்தார், அதனால் வர்க்கப் போராட்டத்தின் கூர்மை மழுங்கிப்போயிற்று என்பதுதான். நன்மையே குற்றமாவதைக் கேட்டு வாசகன் முதலில் சிரிக்கிறான். ஹ்ராபல் அவனைச் சிரிக்க விட்டுவிட்டு, ஃப்ரான்ஸினின் மௌனத்தை மட்டும் பக்கத்தில் வைக்கிறார்.

யுத்தத்தின்போதும் அதன்பின் வந்த ஆட்சியிலும் ஊரின் கதி என்னவாயிற்று என்பதைப் பின்வந்த மூவர் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். யோஸெஃப் ஷ்க்வொரெட்ஸ்கி, தாம் பிறந்த நாஹோத் நகரத்துக்குக் கோஸ்தெலெட்ஸ் என்று பெயரிட்டு, யுத்தத்தின் கடைசி நாட்களில் அங்கே நடந்த ‘புரட்சி’யை ஸாக்ஸஃபோன் வாசிக்கும் ஒரு வாலிபனின் கண்ணால் எழுதினார். ஜெர்மானியரோடு சமரசமாக இருந்துவிட்டுக் கடைசி வேளையில் கைப்பட்டை கட்டிக்கொண்டு வீரர்களான பெரிய மனிதர்களை அந்த வாலிபன் ஊர்ப் பையனுக்கே உரிய விதத்தில் நன்றாக அறிவான். ‘கோழைகள்’ என்ற அந்த நாவல் 1958-இல் வெளியானதும் பெரும் கண்டனத்துக்கு ஆளாகித் தடைசெய்யப்பட்டது. மதுக்கடையில் எல்லோரும் பேசிய விஷயம்தான். அச்சில் வந்ததுதான் குற்றம். பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஷ்க்வொரெட்ஸ்கி அங்கிருந்தபடியே கோஸ்தெலெட்ஸைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

ஓத்தா பாவெல் விளையாட்டு நிருபராயிருந்து, 1964-இல் மனநோய்க்கு ஆளாகி, அந்த நோய்க்கு இடையில் தம் பால்யத்தை எழுதினார். அவருடைய தகப்பனார் மின்சாரத் தூசியுறிஞ்சி விற்பதில் அசகாய சூரர், மீன்பிடிப்பதில் பைத்தியம். நாஜி ஆட்சி அவருடைய மீன்குளத்தைப் பறித்துக்கொள்கிறது. தாமும் முகாமுக்குப் போக உத்தரவு வந்திருக்கும் சமயத்தில், அவர் தம் இளைய மகனைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போய், குளத்தின் பனிக்கட்டியை உடைத்துத் தம்முடைய மீன்களையெல்லாம் தாமே திருடிக்கொண்டு வந்துவிடுகிறார். ஜெர்மானியர் வலைபோட வரும்போது குளத்தில் மீன் இல்லை. இதைப் படிக்கும்போது வருகிற சிரிப்பைப் போன்ற சுத்தமான சிரிப்பு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

1992-இல் மிஹால் வீவெக் எழுதிய ‘நாய்படாத பாட்டின் அருமையான வருஷங்கள்’ ஸாஸவா என்ற சிறு பட்டணத்தில் நிகழ்வது. 1968-இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு அங்கே குடியேறும் ஒரு படித்த குடும்பத்தின் தகப்பனார், யார் கேட்கிறார்கள், யார் எழுதி அனுப்புகிறார்கள் என்ற அச்சத்திலேயே கொஞ்சங் கொஞ்சமாக நிலைகுலைந்து, தம் தொழிற்பட்டறையில் தமக்கே சவப்பெட்டி செய்கிறார். அவரைச் சுற்றியுள்ள குடும்பத்தார் அதையும் நித்திய நியமங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டு சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். நெரூதாவின் காலத்தில் ஊர்வாய் தானாகவே கொன்றது. ஹாஷெக்கின் காலத்தில் சர்க்காரின் காது வாடகைக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தது. வீவெக்கின் ஸாஸவாவில் வாய் எது, காது எது என்று பிரித்தறிய முடியாமற் போய்விட்டது. அந்த நிலையிலும் சிரிப்பு மிச்சமிருந்தது, ஆனால் அது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு.

இந்த எழுத்துக்களின்மேல் செக் நாட்டுக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. சின்ன மனிதனின் சின்னச் சாமர்த்தியங்களை இப்படிச் சீராட்டிச் சீராட்டி, எதிர்த்து நிற்க வேண்டிய வேளையில் வளைந்து கொடுப்பதையே ஒரு தேசிய குணமாக்கிவிட்டார்கள் என்பது அது. ஷ்வேய்க்கைப் பற்றி நடக்கும் வாதம் பெரும்பாலும் இதுதான். குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலில்லை. கொந்தெலீக் வகையான கதைகளுக்கும், அவற்றின் வழிவந்த எத்தனையோ சினிமாக்களுக்கும் அது பொருந்தவே செய்யும். ஆனால் வோரெலின் கடையையும், போலாச்செக்கின் பட்டணத்தையும், ஃப்ரான்ஸினின் மேல் வந்த தீர்ப்பையும் எழுதியவர்கள் சின்ன மனிதனைச் சீராட்டினார்கள் என்று சொல்வது அவர்களைச் சரியாக வாசியாமற் சொல்வதாகும். அவர்கள் அவனை நேசித்தார்கள், அவன் செய்ததையும் மறைக்கவில்லை.

நான் காணும் குறை வேறு. ஊர்வாய் என்று இத்தனை நேரம் பேசினோம். எந்த ஊரிலும் அந்த வாயில் பாதிக்குமேல் பெண்களுடையது. கடைப்படியிலும் கிணற்றடியிலும் சலவைத்துறையிலும் பேசியவர்கள் அவர்கள். அப்படியிருந்தும், இங்கே நான் எடுத்துக்கொண்ட நூல்களில் ஒன்றைக்கூட ஒரு பெண் எழுதவில்லை. அவற்றில் பெண் பேசும்போதெல்லாம் வதந்தி பரப்புகிறவளாகவோ, வாய்ச்சண்டைக்காரியாகவோ, எட்டாத அழகியாகவோதான் பேசுகிறாள். செக் உரைநடைக்கே அடிப்படையிட்டவர்களில் ஒருவரான போஜெனா நெம்ட்ஸோவா 1855-இல் ‘பாட்டி’ என்ற நூலில் ஒரு கிராமத்துக் கிழவியை நாடு முழுவதற்கும் பாட்டியாக்கிய பெண்மணி. அவர் திறந்துவைத்த வாயிலில் ஹாஸ்ய எழுத்தாளர்கள் நுழைந்த அளவுக்கு, பெண்கள் ஹாஸ்யத்துக்குள் நுழைய இடம் கிடைக்கவில்லை. ஹ்ராபல் ஒருவர்தான் தம் தாயாரின் குரலை இரவல் வாங்கி, ஊர் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஊரைத் திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும் என்று காட்டினார். அந்த மாவுக்கடையில் முதலில் நுழைந்து, புகைநாற்றம் என்று சொல்லிவிட்டுப் போன முதிர்கன்னிக்கு அன்றைக்கு என்ன மனவேதனை இருந்ததென்று அவளே சொல்லக் கேட்கும் கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.